விரல் வைக்காதவரைத் தேடிப் போனது

பிரியாவிடைத் தேநீரன்று என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எழும்பி நின்றேன். உங்கள் முகங்களைப் பார்த்தேன். திரும்ப இருந்துவிட்டேன். மனம் உருகிவிட்டாள் என்று நினைத்துக் கைதட்டினீர்கள். அப்படி ஒன்றுமில்லை. பத்துப் பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு என்றாலும் எழுத வரும். ஆகவே, பேச நினைத்ததை எழுதித் தருகிறேன்.

நம் அநாதை இல்லத்தின் வாசல் படலையைத் திறந்ததும் வலப்பக்கம் இருக்கிற முன்னறையில்தான் என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி போனது. பிள்ளை கேட்டு வருபவர்களை விசாரிப்பதும், இங்கே வளர்ந்து போனவர்கள் திரும்பி வந்தால் அவர்களுக்குப் பதில் சொல்வதும் அந்த அறையின் வேலை. முந்தியதை எவரும் செய்யலாம். பிந்தியதுதான் கடினம். முப்பது வயதில், இடுப்பில் ஒரு பிள்ளையோடு வந்து நிற்பார்கள். தங்களைப் பெற்றது யார், கொண்டுவந்து விட்டது யார், ஏன் கொடுத்தார்கள் என்று கேட்பார்கள். கேட்டுக்கொண்டே, தங்களை அறியாமல், மூலையில் சாய்த்திருக்கும் தும்புத்தடியை எடுத்துக் கூட்டத் தொடங்கியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

எனக்கு முன் அந்த அறையில் இருந்த அக்கா வேலையை ஒப்படைத்தபோது சொன்னது ஒன்றுதான். "கேட்டு வாறவைக்கு முதலிலை கதிரையைப் போடு. அந்த நீட்டு வாங்கிலை இருத்தாதை. வாங்கு, உதவி கேட்டு வாறவைக்கு. இவை தங்கடை சொந்தப் பொருளைக் கேட்டு வருகினம்."

ஒன்றும் தெரியாது என்று சொல்லி அனுப்ப வேண்டும் என்பது அக்காலத்து விதி. பழையதைக் கிளறினால் வளர்த்த வீட்டோடு மனம் ஒட்டாது என்று காரணம் சொல்வார்கள். அந்த விதியை நான் ஒருநாளும் கைக்கொள்ளவில்லை. பிழையை ஒப்புக்கொள்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அது பிழையுமல்ல, இரகசியமுமல்ல. அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும்.

இப்போது கோட்டில் நீதவான் முன் எழுதித்தான் பிள்ளையைத் தத்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. முத்திரை குத்திய கடதாசி இருக்கும்போது இனி யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. கேட்பார்கள். அதற்காகத்தான் செல்லத்தின் கதையை எழுதுகிறேன்.

செல்லம் ஒரு பின்நேரம் வந்தாள். கூட இரண்டு பெண்பிள்ளைகள். நான் கதிரையைப் போட்டேன். அவள் இருக்கவில்லை, பிள்ளைகளை இருத்தினாள். பால்பல் விழாத வயதில் அவளை அளவெட்டிக்குப் பக்கத்து ஊரில் ஆறுமுகத்தார் என்ற தோட்டக்காரர் வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். அது நான் வேலைக்கு வருவதற்கு முன்பு. ஆறுமுகத்தாருக்கும் மனைவிக்கும் பிள்ளை இல்லை. அவளை வளர்த்து, பள்ளிக்கூடம் அனுப்பி, கலியாணமும் செய்து வைத்தார்கள். புருஷனுக்கு மலாயாவில் வேலை. வளர்த்த தாய் முன்பே போய்விட்டார். இப்போது ஆறுமுகத்தாரும் இறந்து எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்திருந்தது.

சாவீட்டில் பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பது உங்களுக்குத் தெரியும். செல்லத்தின் பிள்ளைகள் இருவரும் பந்தத்தோடு நின்றபோது, ஆறுமுகத்தாரின் தம்பி சின்னத்துரையர் வந்து அவர்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கியிருக்கிறார்.

"உவை பேரப்பிள்ளையள் இல்லை, வேலைக்காரியின்ரை பிள்ளையள் எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னார்," என்றாள் செல்லம். "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச கையோடை வீட்டை விட்டு வெளிக்கிடட்டாம். வீடு போனால் போகட்டும், அக்கா. நான் மகளாய் வந்தனானோ, வேலைக்காரியாய் வந்தனானோ? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."

பார்த்தேன். எங்கள் பதிவில் அவளுக்கு ரூத் என்று பெயர். பக்கத்தில், 'நல்ல குடும்பமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டாள்' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். அதே பக்கத்தில் இன்னும் பல பெண்களுக்கும் அதே வசனம் இருந்தது. அவர்களில் சிலர் மகளாகப் போனவர்கள். சிலர் சட்டி பானை கழுவப் போனவர்கள். இரண்டையும் எங்கள் இல்லம் ஒரே மாதிரித்தான் எழுதியது. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஏன் அப்படி எழுதினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்கள் பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கும்போது மஞ்சள் தண்ணீர் குடிப்பது வழமை. ஊரார் முன்னிலையில் மஞ்சள் கரைத்த தண்ணீரை வைப்பார்கள். உரிமைக்காரரான சகோதரங்கள் சம்மதம் என்றால் அதில் விரல் வைப்பார்கள். பிறகு புருஷனும் மனைவியும் அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள். அதோடு பிள்ளை அவர்களுடைய பிள்ளை. சம்மதம் இல்லாதவர் விரல் வைக்கமாட்டார். அவருடைய உரிமை அவருக்கு அப்படியே இருக்கும். இது தேசவழமை என்ற எங்கள் ஊர்ச் சட்டம். ஆனால் எங்கள் இல்லம் கிறிஸ்து வேதக்காரருடையது. அஞ்ஞானச் சடங்கில் எங்கள் ஆட்கள் நிற்கக் கூடாது என்று பிள்ளையை, தெருவிலிருந்து வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். உள்ளே நடந்ததை எவரும் பார்ப்பதில்லை. பார்க்காததை எழுதுவதுமில்லை.

மிஸ்ஸியம்மாவிடம் போனேன். இல்லத்துக்குப் பெரியவரான அவர் நல்ல மனுசி. காய்ச்சல்காரப் பிள்ளையைத் தன் கட்டிலில் கிடத்துவார். செல்லத்தை மகளாகத்தான் கொடுத்தோம் என்று ஒரு துண்டு எழுதித் தரும்படி கேட்டேன். பார்க்காத ஒன்றுக்குக் கையெழுத்து வைக்க முடியாது என்றார். அது நியாயம். அப்படியானால் பார்த்தவர்களைத் தேடிப் போகிறேன் என்றேன். அது உன் வேலையல்ல என்றார்.

நான் எழும்பவில்லை. எனக்குச் சத்தம் போடத் தெரியாது, வாதாடத் தெரியாது. இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் இருக்கத் தெரியும். அவர் கடிதங்களை எழுதி முடித்தார், விளக்கைக் கொண்டுவரச் சொன்னார், திரும்பிப் பார்த்தார். நான் அங்கேயே இருந்தேன். கடைசியில், ஓய்வு நாளில் போ, இல்லத்தின் பெயரைச் சொல்லாதே என்றார். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு எழும்பினேன்.

அந்த ஊருக்குப் போனேன். மஞ்சள் தண்ணீர்ச் சடங்கு நடந்தது என்பது செல்லம் தன்னை வளர்த்த தாயின் வாயால் பலமுறை கேட்டது. அப்படியொன்று நடக்கவே இல்லை என்று சின்னத்துரையர் சொன்ன பிறகுதான் அவளுக்கே சந்தேகம் வந்தது. அன்றைய விருந்தில் யார் யார் வந்து சாப்பிட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆகவே சாப்பிட்டவர்களிடம் போனேன். எல்லோரும் என்னை இருத்தி மரியாதையாகத் தேத்தண்ணி தந்தார்கள். எல்லோருக்கும் மறதி. காரணம் எனக்கு மூன்றாவது வீட்டில் விளங்கியது. அந்தத் தோட்டங்களுக்கெல்லாம் தண்ணீர் இறைப்பது ஒரே கிணற்றில். இறைப்பு முறையை யாருக்கு எப்போது என்று சொல்வது சின்னத்துரையர். புகையிலைக் கன்று நட்டிருந்த காலம். ஒரு முறை தவறினால் கன்று கருகிவிடும். அந்த மனிதர்களை நான் குறை சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள். சாட்சி சொல்லமாட்டேன் என்பவரைக் கோழை என்று எழுதிவைக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அவருடைய தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

திரும்பும்போது அந்த மூன்றாவது வீட்டுக்காரி படலை வரை வந்தார். மடியில் புகையிலைக் காம்பைத் திணித்தபடி, என் முகத்தைப் பாராமல் சொன்னார்: "நாங்கள் எல்லாரும் இருந்து சாப்பிட்டம், பிள்ளை. அச்சுவேலிக்காரிதான் சாப்பிடாமல் எழும்பிப் போனவள்."

ஆறுமுகத்தாரின் தமக்கை அச்சுவேலியில் கலியாணம் செய்து அங்கேயே விதவையாகிப் பிள்ளையில்லாமல் இருந்தார் என்பது செல்லம் சொல்லி எனக்குத் தெரியும். அந்த மாமி சுவீகாரத்துக்கு மறுத்தவர். இருபது வருஷத்துக்கு மேலாக வீட்டு வாசல் மிதிக்காதவர். சாவுக்கு வந்தும் படலையடியில் நின்று போனவர். அவரிடம் போவதில் பயன் இருக்கும் என்று நான் முதலில் நினைக்கவே இல்லை. நடந்து வரும்போதுதான் புத்திக்குப் பட்டது. சம்மதித்தவர்கள் அன்றைய சாப்பாட்டோடு அந்த நாளை மறந்திருக்கலாம். கோபித்துக்கொண்டு எழும்பிப் போனவர் மறந்திருக்கமாட்டார்.

அடுத்த ஓய்வு நாளில் அச்சுவேலிக்குப் போனேன். மாமி முற்றத்தில் பாய் விரித்துப் பனங்கிழங்கு கிழித்துக்கொண்டிருந்தார். ஒடியலுக்குக் காயப்போட. எங்கேயிருந்து வருகிறேன் என்று சொன்னேன்.

"உந்தப் பிள்ளையின்ரை விஷயமெண்டால் வந்த வழியாலை போ," என்றார்.

நான் பாயின் ஓரத்தில் இருந்து ஒரு கிழங்கை எடுத்தேன். அவர் பார்த்தார். நான் கிழித்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கிழித்தோம்.

"தும்போடை கிழிக்கிறாய்," என்றார்.

"ஓம், எனக்குப் பழக்கமில்லை."

"வேதக்காரருக்கு ஒடியல் கூழ் தெரியாதோ?"

"குடிக்கத் தெரியும், அம்மா."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். ஆர் பெற்றது, எந்தச் சாதி என்று தெரியாத பிள்ளையை எங்கள் குடும்பத்துக்குள் எடுக்க விடமாட்டேன் என்று அன்றைக்குச் சபையிலே சொல்லியிருக்கிறார். இப்போதும் அதுவே தன் எண்ணம் என்றார். எனக்குக் காது சுட்டது. நான் கிழங்கைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

"நான் விரல் வைக்கேல்லை," என்றார். "அவன் சின்னத்துரை என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு வைச்சவன். அக்காவுக்கு மனமில்லை, எனக்கு மனமிருக்கு எண்டு ஊர் கேக்கச் சொன்னவன். ஊரெல்லாம் அவனைப் புகழ்ந்துது. நான் கல்நெஞ்சுக்காரியாய் இந்த முற்றத்திலை இருந்தன்."

"இப்ப தான் வைக்கேல்லை எண்டு சொல்லுறார், அம்மா. அப்பிடி ஒரு சடங்கே நடக்கேல்லையாம்."

மாமி கையிலிருந்த கிழங்கைப் பாயில் வைத்தார்.

"மெய்யே?"

"ஓம்."

"அப்ப நான் எங்கையிருந்து எழும்பிப் போனனானாம்?"

இதற்குள் ஒன்று நடந்தது. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தியேட்டியன்று ஊர் முன்னால் வந்து சொல்ல மாமி சம்மதித்துவிட்டார் என்று நான் சொல்லி அனுப்பியதும் செல்லம் ஓடி வந்தாள். அந்த முற்றத்தில், வாழ்க்கையில் முதல்தரம், அந்த மாமியின் காலடியில் இருந்தாள். "மாமி, நீங்களும் விரல் வைச்சனீங்கள் எண்டு சொல்லுங்கோ. பிறகு ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேலாது," என்று கெஞ்சினாள். மாமி என்னைப் பார்த்தார். தம்பியை மடக்குவதென்றால் அவருக்கு அந்தப் பொய்யும் சரிதான் என்று முகத்தில் தெரிந்தது.

வேண்டாம் என்றேன். செல்லம் அழுதாள். உங்களுக்கு எதிலே அன்பு, என்னிலா உங்கள் விதிகளிலா என்று கேட்டாள். விதியைப் பற்றி என்னிடம் கேட்டது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது. அவளுக்கு அன்று நான் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். நம்மிடம் கேட்டு வருபவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் கட்டிய கதைகள்தான் கிடைத்திருக்கின்றன. நம் கையால் இன்னொன்றைக் கட்டிக் கொடுக்கக் கூடாது. அது நல்ல கதையாக இருந்தாலும் கூடாது. மாமி வைக்கவில்லை என்றால் வைக்கவில்லை என்றே சொல்லட்டும்.

அந்தியேட்டியன்று கீரிமலையில் கிரியை முடித்து இனத்தவர்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, விறாந்தையில் சபை கூடியது. ஊர் விதானையாரைச் சின்னத்துரையரே அழைத்திருந்தார். செல்லம் வெளியேறுவதற்கு ஒரு அதிகாரி சாட்சியாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். செல்லத்தின் பெட்டி முன்கூட்டியே வாசலில் வைக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் இரண்டும் பெட்டிமேல் இருந்தன. நான் விறாந்தை ஓரத்தில் இருந்தேன். நீ யார் என்று கேட்டார்கள். இல்லத்தின் பெயரைச் சொன்னேன்.

சின்னத்துரையர் நிதானமாகத்தான் பேசினார். தமையன் இரக்கப்பட்டு ஒரு அநாதைப் பிள்ளையை வீட்டு வேலைக்கு எடுத்தார், நன்றாக வைத்திருந்தார், கலியாணமும் கட்டிக் கொடுத்தார், அது அவருடைய பெருந்தன்மை என்றார். மஞ்சள் தண்ணீர் என்றொன்று இந்த வீட்டில் நடக்கவில்லை என்றார். நடந்ததைக் கண்டவர்கள் இருந்தால் சொல்லட்டும் என்று சுற்றிப் பார்த்தார். இறைப்பு முறை அவர் கையில் இருந்தவர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

அப்போது மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தார். இருக்கச் சொன்னார்கள். இருக்கவில்லை.

"நான் உந்தப் பிள்ளைக்குச் சாட்சி சொல்ல வரேல்லை," என்றார். "உவளை எடுக்கிறதுக்கு எனக்குச் சம்மதமில்லை. நான் மஞ்சள் தண்ணியிலை விரல் வைக்கேல்லை. அதை எல்லாருக்கும் சொல்லிப்போட்டுப் போக வந்தனான்."

சின்னத்துரையருக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வருஷமாக அந்த அக்காவை நக்கலடித்துப் பழகிய வாய் அது. "ஓம், நீ வைக்கேல்லைத்தான். ஊர் கூடிப் பாத்துக்கொண்டிருக்க, பிள்ளைக்குச் சோறு ஆக்கின பந்தலிலை இருந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு போனனியல்லோ. இப்ப அதைச் சொல்ல வந்திட்டியோ?"

விதானையார் மெல்லக் கேட்டார்: "எந்தப் பந்தல், சின்னத்துரை அண்ணை?"

மாமி அப்போதுதான் இருந்தார். இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் வைக்கேல்லை. என்ரை பங்கு என்னட்டை இருக்கு. வடக்குப் பக்கப் பனையள் எனக்கு," என்றார். "வைச்சவை தங்கடை விரலைத் தாங்களே பாக்கட்டும்."

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். தனக்கு அன்றைக்கு இரண்டாந்தரம் பாயசம் கிடைக்கவில்லை என்று இப்போது ஞாபகம் வருகிறது என்றார். பிறகு இன்னொருவருக்கு ஞாபகம் வந்தது. தண்ணீரை இழக்கத் துணிந்து அந்தக் கிழவர் பாயசத்தைச் சொன்னார் என்பதை நான் மறக்கவில்லை. செல்லம் எழும்பிப் போய் வாசலில் இருந்த தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத எனக்கு மனமில்லை. சின்னத்துரையர் அவள் கிணற்றடிக்குப் போகும் பாதையை முள்ளால் அடைத்தார். கோயில் கிணற்றிலிருந்துதான் பல மாதங்கள் தண்ணீர் சுமந்தாள். அவளைப் பெற்றவர் யார் என்ற கேள்விக்கு நான் இன்றுவரை பதில் கண்டுபிடிக்கவில்லை. என்னை மிஸ்ஸியம்மா முன்னறையிலிருந்து எடுத்து உடுப்பறைக்கு மாற்றினார். இல்லத்தின் பெயரைச் சொன்னதற்குத் தண்டனை. கேட்டு வருபவர்கள் உடுப்பறைக்கு வந்தார்கள். கதிரையை அங்கே கொண்டுபோனேன். ஒரு வருஷம் பார்த்துவிட்டு அவரே என்னைத் திரும்ப முன்னறைக்கு அனுப்பினார். அதன்பின் சைவ வீடுகளுக்குப் பிள்ளை கொடுத்த நாட்களில் நான் ஒழுங்கை முகப்பில் நின்று திரும்பியதில்லை. உள்ளே போய் இருந்தேன். யார் விரல் வைத்தார்கள், யார் வைக்கவில்லை என்று பார்த்தேன். போகக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் போனேன்.

உங்களிடம் முத்திரைக் கடதாசி இருக்கிறது. நல்லது, பத்திரமாக வையுங்கள். ஆனால் பிள்ளையைக் கொடுக்கும் வீட்டில் யாருக்குப் பிடிக்கவில்லை என்று அறிந்துகொண்டு வாருங்கள். அவர்களுடைய பெயரையும் எழுதுங்கள். இருபது முப்பது வருஷம் கழித்து அந்தப் பிள்ளை திரும்பி வந்து கேட்கும்போது, அந்த நாளை மறக்காமல் வைத்திருப்பவர் அவராகத்தான் இருப்பார்.

மாமி இறந்தது நான் வேலையிலிருந்து விலகுவதற்குக் கொஞ்சம் முன்னால். செல்லம் ஆள் அனுப்பியிருந்தாள். அச்சுவேலிக்குப் போனேன். மாமியின் பங்கான வடக்குப் பனை வளவு விஷயமாகச் செல்லத்தின் பிள்ளைகள் அந்த முற்றத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஒடியலைத் தும்பில்லாமல் கிழிக்க அவர்களுக்கு மாமி பழக்கியிருந்தார். மற்றபடி எதுவும் தெரியாது. செல்லத்தை மகள் என்றோ மருமகள் என்றோ மாமி ஒருநாளும் சொன்னதில்லை. உந்தப் பிள்ளை என்றுதான் கடைசிவரை சொன்னார்.

பிணத்தைச் சுற்றிப் பந்தம் பிடிக்கும் நேரம் வந்தது. செல்லத்தின் மக்கள் இருவரும் முன்னால் வந்து நின்றார்கள். பெரியவள் குமராகியிருந்தாள். சின்னத்துரையரும் வந்திருந்தார், ஊன்றுபொல்லோடு. அவருடைய மகன், உவர்கள் எந்த முறையிலே பிடிக்கிறார்கள், மாமி சம்மதிக்கவே இல்லையே என்று கேட்டார்.

செல்லம் பந்தங்களைக் கொளுத்தித் தன் மக்களின் கைகளில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத்தான் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஓம், மாமி விரல் வைக்கேல்லை," என்றாள். "சாக முந்தி, தனக்குப் பந்தம் பிடிக்க வரச்சொல்லி ஆள் விட்டுக் கூப்பிட்டவ."